அதட்டாத அதிகாரம்: ஆந்த்ரே மொரெல் என்ற நடிகர்



நாடகமும் திரையும் பற்றிய இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒரு பிரிட்டிஷ் நடிகரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்றதும், சார்லஸ் லாட்டனா, லாரன்ஸ் ஒலிவியேவா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். இரண்டு பேரும் இல்லை. ஆந்த்ரே மொரெல் என்றேன். அடுத்த கேள்வி வரவில்லை. பெயர் தெரியாதபோது வரும் மௌனம் அது. ஆனால் இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது அவரைப் பார்த்திருப்பீர்கள் என்று துணிந்து சொல்வேன். 'பென்-ஹர்' பார்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' பார்த்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். முகம் நினைவிருக்கும், பெயர் இருக்காது. குணச்சித்திர நடிகரின் தலையெழுத்து இதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் அப்படிப் போகப் போவதில்லை. இந்த மனிதரின் நடிப்பில் நமக்குக் கற்றுக்கொள்ள ஒரு குறிப்பிட்ட விஷயம் இருக்கிறது. அதிகாரம் உள்ளவன் எப்படிப் பேசுவான், எப்படி நிற்பான், எப்போது குரலை உயர்த்தாமல் இருப்பான் என்பதை, நாற்பதாண்டுக் காலம் ஒரு கைவினைஞனைப் போல ஆராய்ந்தவர் அவர்.

பிறந்தது 1909-ல், லண்டனில். இயற்பெயர் செசில் ஆந்த்ரே மெஸ்ரிட்ஸ். மோட்டார் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டே அமெச்சூர் நாடகங்களில் நடித்தவர், 1934-ல் அதையே தொழிலாக்கிக்கொண்டார். 1938-ல் ஓல்டு விக் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்த ஆண்டில்தான் மெஸ்ரிட்ஸ் போய் மொரெல் வந்தது. அலெக் கின்னஸ் ஹாம்லெட்டாக நடித்தபோது அவருடைய நண்பன் ஹொரேஷியோ இவர். போர் வந்ததும் 1940-ல் ராயல் வெல்ஷ் ஃபியூஸிலியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, 1946-ல் மேஜராக வெளியே வந்தார்.

இந்த விவரங்களை ஒரு காரணத்துக்காகச் சொன்னேன். பின்னாளில் திரையில் அவர் கர்னல்; நீதிபதி; ஸ்காட்லாந்து யார்டு கண்காணிப்பாளர்; பிரபு. ஆங்கில மேல்தட்டின் அசல் வார்ப்பு என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அந்த மேல்தட்டுத் தோரணை பிறப்பில் வந்ததல்ல. மெஸ்ரிட்ஸ் என்ற பெயரோடு கார் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவர், பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தோரணையை உள்ளிருந்து அனுபவிப்பவரைவிட வெளியிலிருந்து கவனித்தவருக்கு அதன் சூட்சுமம் நன்றாகத் தெரிந்திருந்தது என்பது என் எண்ணம். ஆறு ஆண்டு ராணுவ வாழ்க்கையும் உதவியிருக்கும். உண்மையான கட்டளை சத்தமில்லாமல் வருவதை அங்கே அவர் கேட்டிருப்பார்.

போருக்குப் பிறகான பிரிட்டிஷ் சினிமாவுக்கு இப்படி ஒரு முகம் நிறையவே தேவைப்பட்டது. 1950-ல் மட்டும் அவர் படங்களை எண்ணினால் வியப்பாக இருக்கும். ஹிட்ச்காக்கின் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படத்தில் இன்ஸ்பெக்டர். டேவிட் லீனின் 'மெடலின்' படத்தில் வழக்கறிஞர். பௌல்டிங் சகோதரர்களின் 'செவன் டேஸ் டு நூன்' படத்தில், அணுகுண்டோடு தலைமறைவான விஞ்ஞானியைத் தேடும் காவல்துறை அதிகாரி ஃபோலண்ட். இந்தக் கடைசிப் படத்தின் கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. கதாசிரியர்கள் இருவரில் ஒருவரான ஜேம்ஸ் பெர்னார்டு பின்னாளில் ஹாமர் நிறுவனத்தின் திகில் படங்களுக்கு இசையமைப்பாளரானார். அவர் இசையில் மொரெல்லும் நடித்தார். சின்னத் தொழிற்சாலை அது, அதே கைகள் திரும்பத் திரும்ப வரும். ஃபோலண்டும் அப்படியே திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு 'ஹை ட்ரீசன்' படத்தில் அதே பாத்திரத்தை மொரெல் மறுபடி செய்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1954 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு. பிபிசி தொலைக்காட்சியில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாடகமாக ஒளிபரப்பாகிறது. திரைக்கதை நைஜல் நீல். இயக்கம் ருடால்ஃப் கார்டியர். கார்டியர் வியன்னாவில் பிறந்த யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டன் வந்தவர். சர்வாதிகாரம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வின்ஸ்டன் ஸ்மித்தாகப் பீட்டர் குஷிங். அவரை நம்பவைத்து, பிடித்து, வதைத்து, வழிக்குக் கொண்டுவரும் உட்கட்சி அதிகாரி ஓ'பிரையனாக மொரெல்.

அன்றைய தொலைக்காட்சி நாடகம் எப்படி நடந்தது என்பதை மாணவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முழுக்க நேரலை. ஒரே ஸ்டூடியோவில் அறை அறையாக செட் போட்டிருப்பார்கள். ஒரு காட்சி முடிந்ததும் நடிகர் கேபிள்களைத் தாண்டி அடுத்த செட்டுக்கு ஓட வேண்டும். உடை மாற்றவும் செட் மாற்றவும் அவகாசம் வேண்டுமென்று, முன்பே ஃபிலிமில் எடுத்த துண்டுகளை நடுநடுவே ஓட்டுவார்கள். இசைக்குழுவும் நேரலைதான். வேறொரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இப்படி. வசனம் மறந்தால் மறந்ததுதான், கோடம்பாக்கத்தில்போல 'கட்' சொல்ல ஆளில்லை. வீடியோ டேப் வராத காலம். ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை வியாழக்கிழமை மறுஒளிபரப்பு செய்வது பிபிசியின் வழக்கம். மறுஒளிபரப்பு என்றால், நடிகர்கள் எல்லோரும் திரும்பி வந்து முதலிலிருந்து மறுபடி நடிப்பார்கள். நாம் இன்று பார்க்கும் '1984' அந்த வியாழக்கிழமை நடிப்பு. திரையைப் பார்த்து ஃபிலிம் கேமரா ஓடவிட்டுப் பிடித்து வைத்தது. ஞாயிறன்று நடந்தது காற்றோடு போயிற்று.

ஞாயிறுக்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு சண்டையும் நடந்தது. இப்படிப்பட்ட கொடூரத்தை ஞாயிற்றுக்கிழமை இரவில் வீட்டுக்குள் அனுப்பலாமா என்று பத்திரிகைகள் கொதித்தன. நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்தும் தீர்மானம் வந்தது. அரசியும் தாமும் நாடகத்தைப் பார்த்து ரசித்ததாக இளவரசர் பிலிப் சொல்லி வைத்தார். பிபிசி பின்வாங்கவில்லை. வியாழக்கிழமை பார்த்தவர்கள் சுமார் 70 லட்சம் பேர்.

அவ்வளவு பேரை அதிரவைத்தது வின்ஸ்டனை மிரட்டக் கொண்டுவரும் எலிக்கூண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலிக்கூண்டு சில நிமிடம். மொரெல்லின் குரல் நாடகத்தின் கடைசிப் பகுதி முழுக்க இருக்கிறது. கட்டிப் போட்டிருக்கும் மனிதனிடம் அவர் ஒரு முறைகூடக் கத்துவதில்லை. நல்ல மருத்துவர் நோயாளியிடம் பேசுவதுபோல, மக்கு மாணவனிடம் பொறுமையான ஆசிரியர் பேசுவதுபோலப் பேசுகிறார். வின்ஸ்டன் தவறான பதில் சொன்னால் அவர் முகத்தில் வருவது கோபம் அல்ல, வருத்தம். அந்த வருத்தம் பொய்யுமல்ல. அதுதான் பயங்கரம். அந்த மனிதர் தாம் நல்லது செய்வதாக நம்புகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. குஷிங்கின் உடல் ஒவ்வொரு கணமும் நொறுங்குகிறது, மொரெல் அசையாமல் நிற்கிறார். விமரிசனங்களில் புகழ் குஷிங்குக்குப் போனது. நியாயம்தான். ஆனால் சுவர் உறுதியாக இருந்தால்தான் அதில் மோதுகிறவனின் தலை உடைவது தெரியும்.

இந்த இருவரும் அடுத்து எதிரெதிரே நிற்பது 1959-ல். ஹாமர் நிறுவனத்தின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்', டெரன்ஸ் ஃபிஷர் இயக்கம், ஷெர்லக் ஹோம்ஸின் முதல் வண்ணப்படம். குஷிங் ஹோம்ஸ், மொரெல் டாக்டர் வாட்சன். அதற்கு முன் இருபது ஆண்டுகளாக வாட்சன் என்றால் நைஜல் புரூஸ்: தடுமாறுகிற, முணுமுணுக்கிற, எதையும் தாமதமாகப் புரிந்துகொள்கிற கிழவர். மொரெல் அந்தக் கோமாளியைக் கழற்றி வைத்தார். கானன் டாயில் எழுதிய வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயப்பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர், மடையர் அல்ல. நாவலில்போலவே படத்திலும் ஹோம்ஸ் நடுவே காணாமல் போகிறார். சேற்று நிலத்தில் கதையைத் தூக்கிச் சுமப்பவர் வாட்சன். வாட்சன் ஒரு கோமாளி என்றால் அந்தப் பகுதி படுத்துவிடும். மொரெல் அதே நிதானத்தோடு, அதே தாழ்ந்த குரலோடு நடக்கிறார். ஐந்து ஆண்டுக்கு முன் ஒருவனைச் சித்திரவதை செய்த அதே குரல் இங்கே நம்பிக்கை தருகிறது. ஒரு கணம் நிறுத்தி யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்.

மூன்றாவது 'கேஷ் ஆன் டிமாண்ட்', 1961-ல் எடுத்தது. ஹாமர் என்றாலே டிராகுலா என்று நினைப்பவர்கள் இந்தச் சின்ன கறுப்பு வெள்ளைப் படத்தைத் தவறவிடுகிறார்கள். மொரெல் இதே பாத்திரத்தை முந்தைய ஆண்டு 'தி கோல்டு இன்சைடு' என்ற தொலைக்காட்சி நாடகத்தில் செய்திருந்தார். இரண்டையும் இயக்கியவர் குவென்டின் லாரன்ஸ். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன், ஒரு சிற்றூர் வங்கிக் கிளை. மேலாளர் ஃபோர்டைஸ் (குஷிங்) ஊழியர்களின் உயிரை எடுக்கும் கறார்க்காரர். பேனா நிப்பில் குறை கண்டுபிடிப்பவர். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு கர்னல் கோர் ஹெப்பர்ன் (மொரெல்) நுழைகிறார். கொஞ்ச நேரத்தில் உண்மை தெரிகிறது. வந்தவர் கொள்ளைக்காரர். மேலாளரின் மனைவியும் மகனும் தன் ஆட்கள் பிடியில் இருப்பதாக மிரட்டி, மேலாளர் கையாலேயே பெட்டகத்தைக் காலி செய்ய வைக்கிறார்.

மிரட்டல் என்றேன். மிரட்டுவது போலவே இருக்காது. சிகரெட் பிடிக்கிறார், நாற்காலியில் சாய்கிறார், எல்லோரிடமும் இன்முகம். ஊழியர்களுக்கு அவரை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுகிறது, பல ஆண்டு மேலாளரைப் பிடித்ததில்லை. கொள்ளையடித்துக்கொண்டே மேலாளருக்கு மனிதர்களிடம் எப்படி நடப்பது என்று பாடமும் நடத்துகிறார். இதில் அதிகாரம் யாரிடம் என்பது வேடிக்கை. பதவி ஃபோர்டைஸிடம். மரியாதை திருடனிடம். '1984'-ல் நடந்த அதே விசாரணை, அதே இரு நடிகர்கள், ஒருவர் உடைய மற்றவர் உடைக்க. ஆனால் இந்த முறை உடைபடுபவர் கடைசியில் கொஞ்சம் நல்ல மனிதராக வெளியே வருகிறார்.

சித்திரவதைக்காரன், நண்பன், திருடன். மூன்றுக்கும் மொரெல் தனித்தனிக் குரல் வைத்துக்கொள்ளவில்லை. ஒட்டு மீசை, கோணல் நடை எதுவும் இல்லை. குணச்சித்திர நடிப்பு என்றால் ஆளே தெரியாமல் மாறுவது என்று ஒரு கட்சி உண்டு. அலெக் கின்னஸ் அதன் தலைவர். மொரெல் எதிர்க்கட்சி. மாறாமல் நின்று, தான் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றினார்.

இதற்கு நடுவே 1958 டிசம்பர் 22 முதல் 1959 ஜனவரி 26 வரை, திங்கள்தோறும் இரவு, பிபிசியில் 'குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்' ஆறு பகுதிகள். மறுபடி நீலும் கார்டியரும். பேராசிரியர் குவாட்டர்மாஸ் ராக்கெட் விஞ்ஞானி. 1953-ல் முதல் தொடருக்கே அந்த வேடம் மொரெல்லிடம் வந்தது, மறுத்துவிட்டார். ரெஜினால்டு டேட் நடித்தார். டேட் 1955-ல் திடீரென இறக்க, இரண்டாம் தொடருக்கு ஜான் ராபின்சன். மூன்றாவதுக்குத்தான் மொரெல். நடுவே ஹாமர் இந்தக் கதைகளைப் படமாக்கி, அமெரிக்க நடிகர் பிரையன் டான்லெவியைக் குவாட்டர்மாஸ் ஆக்கியது. டான்லெவி அதட்டினார். வந்தார், கத்தினார், கட்டளையிட்டார், போனார். நீலுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

மொரெல்லின் குவாட்டர்மாஸ் அதட்டுவதில்லை. லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் கட்டடத்துக்குக் குழி தோண்டும்போது ஆதிமனித மண்டையோடுகள் கிடைக்கின்றன. இன்னும் கீழே ஒரு கலம். ஜெர்மன் குண்டு என்று ராணுவ கர்னல் பிரீன் அடித்துச் சொல்கிறார். ஐம்பது லட்சம் ஆண்டு பழைய செவ்வாய்க் கலம் அது. மனிதக் குரங்குகளின் மூளையைச் செவ்வாய்க்காரர்கள் மாற்றி அமைத்தார்கள், வேற்றாளைக் கண்டால் வேட்டையாடும் வெறியையும் அதில் வைத்துப் போனார்கள் என்பது கதை. 1958 ஆகஸ்ட் கடைசியில்தான் லண்டன் நாட்டிங் ஹில்லில் மேற்கிந்தியக் குடியேறிகளை வெள்ளை இளைஞர் கும்பல்கள் வீடு புகுந்து தாக்கின. பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியிருக்கவில்லை.

இதில் மொரெல்லின் இடம் தலைகீழ். ராக்கெட் திட்டத்தை ராணுவம் பறித்துக்கொண்டிருக்கிறது. பதவி பிரீனிடம், அறிவு குவாட்டர்மாஸிடம். அதிகாரத்தின் குரல் அதிகாரம் பறிபோன மனிதனிடம் இருக்கும்போது எப்படி ஒலிக்கும்? களைப்பாக, கொஞ்சம் எரிச்சலாக, ஆனாலும் மரியாதை குறையாமல். கடைசிப் பகுதியில் அவரே அந்த வெறிக்கு ஆட்படுகிறார். நிதானமே உருவான மனிதரின் முகம் தன் வசம் இழப்பதைப் பார்ப்பது, வேறு எந்த நடிகர் செய்திருந்தாலும் இவ்வளவு பாதித்திருக்காது. முடிவில் கேமராவை நேராகப் பார்த்து நாட்டு மக்களிடம் பேசுகிறார். அந்தப் பேச்சு எழுத்தில் கொஞ்சம் உபதேசம்தான், மறைப்பானேன். மொரெல் அதை ஒரு களைத்த மனிதரின் அறிக்கையாக்கிக் காப்பாற்றினார்.

சினிமாவில் இவ்வளவு இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. 'பென்-ஹர்' படத்தில் ஜெருசலேமை விட்டுக் கிளம்பும் ரோமானியத் தளபதி செக்ஸ்டஸ். புதிதாக வந்த மெசாலாவிடம், கலகக்காரனைப் பிடிக்கலாம், ஒரு கருத்தோடு எப்படிப் போரிடுவது என்று கேட்கும் அந்தச் சில நிமிடங்களோடு சரி.

'க்வாய்' படத்தில் கர்னல் கிரீன், பாலத்தைத் தகர்க்க ஆளனுப்பும் அதிகாரி. பர்மா-சயாம் கதை என்றாலும் படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கலையில் களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி. ஓல்டு விக் மேடையின் ஹாம்லெட் கின்னஸும் ஹொரேஷியோ மொரெல்லும் பத்தொன்பது ஆண்டு கழித்து ஒரே படத்தில், ஆனால் இருவரும் சந்திக்கும் காட்சி கிடையாது. இந்தப் படத்தைப் பற்றித் தமிழ் மேடையில் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் சொல்லும் அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். படத்தின் கதை வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதை, அந்தத் தொழிலாளர்களுக்கு அதில் இடமில்லை.

அறுபதுகளில் மொரெல்லுக்கு நேர்ந்த ஒரு விசித்திரத்தைச் சொல்கிறேன். 1965-ல் 'ஷீ' படத்தில் ஹவ்மீத் என்ற பழங்குடித் தலைவராக நடித்தார். திரையில் உடல் அவருடையது, குரல் ஜார்ஜ் பேஸ்டல் என்ற வேறொரு நடிகருடையது. மொரெல்லிடமிருந்து குரலை எடுத்துவிடுவது என்ன யோசனையோ, எனக்குப் புரியவில்லை. அடுத்த ஆண்டு 'டாக்டர் ஹூ' தொடரில், 1572-ல் பாரிஸில் நடந்த புராட்டஸ்டன்ட் படுகொலை பற்றிய நான்கு பகுதிக் கதையில், கொலைத்திட்டம் தீட்டும் மார்ஷல் தவான். பிபிசி பழைய நாடாக்களை அழித்த காலம். அந்த நான்கு பகுதிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் ஒலிப்பதிவுக் கருவி வைத்துப் பிடித்த ஓசை மட்டும் இருக்கிறது. ஆக ஒன்றில் குரலில்லாத மொரெல், இன்னொன்றில் உருவமில்லாத மொரெல். இரண்டாவதுதான் உயிரோடு இருக்கிறது. ஒரு ஊர்மக்களை ஒழிப்பது பற்றி அலுவலகக் கோப்பைப் பேசுவதுபோல அந்தக் குரல் பேசுவதைக் கேட்டால் போதும்.

1966-ல் 'தி பிளேக் ஆஃப் தி ஸாம்பீஸ்'. அபூர்வமாகக் கதாநாயக இடம், ஐம்பத்தாறு வயதில். கார்ன்வால் கிராமத்தில் செத்தவர்களை எழுப்பித் தன் தகரச் சுரங்கத்தில் கூலியில்லாமல் வேலை வாங்கும் ஜமீன்தாரை எதிர்க்கும் மருத்துவப் பேராசிரியர். ஜமீன்தாராக நடித்த ஜான் கார்சன் கொழும்பில் பிறந்தவர். 1968-ல் கிரனாடா தொலைக்காட்சியின் 'தி சீஸர்ஸ்' தொடரில் திபேரியஸ் சக்கரவர்த்தி. பேரரசு பிடிக்காத பேரரசன், எல்லோர்மீதும் சந்தேகம், அதைவிடப் பெரிய சலிப்பு. அவருடைய வேடங்களில் மிகச் சிறந்தது இதுதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் ஓ'பிரையன் கட்சி, ஆனால் அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

எழுபதுகளில் வேடங்கள் சிறுத்தன. '10 ரில்லிங்டன் பிளேஸ்', 1971. தன் குழந்தையைக் கொன்றதாகத் திமோதி எவன்ஸ் என்ற அப்பாவி 1950-ல் தூக்கிலிடப்பட்ட உண்மைக் கதை. உண்மைக் கொலைகாரன் அதே வீட்டில் குடியிருந்தவன், வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி. எவன்ஸுக்கு 1966-ல் மன்னிப்பு வழங்கினார்கள், பதினாறு ஆண்டு தாமதமாக. மொரெல் நீதிபதி. அவர் அந்த நீதிபதியைக் கொடியவராகக் காட்டவில்லை. முறைப்படி, கண்ணியமாக, சந்தேகமே இல்லாமல், தவறான மனிதனுக்கு மரண தண்டனை வாசிக்கிறார்.

குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' 1975. வெண்டோவர் பிரபுவாக வருகிறார். பட்டத்துக்காகப் பேரி காசைக் கொட்டி இவரைப் போன்ற பிரபுக்களை வளைய வருகிறான். பிறகு ஊரறிய, மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனை அடித்து அவமானப்பட்டுவிடுகிறான். அடுத்து ஒரு விடுதியில் வெண்டோவரைப் பார்த்துத் தன் மேசைக்கு அழைக்கிறான். வெண்டோவர் சிரித்த முகத்தோடு வேறொருவருக்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறார். அவ்வளவுதான் காட்சி. ஒரு வசவு இல்லை, முகச்சுளிப்பு இல்லை. அந்தக் கணத்தில் பேரியின் சமூக வாழ்வு முடிந்துவிட்டது. இருபது ஆண்டுக்கு முன் ஓ'பிரையனிடம் பார்த்த அதே கண்ணியமான வருத்தம், இப்போது சாப்பாட்டு மேசையில்.

திரைக்கு வெளியே அவர் 1973-74-ல் நடிகர் சங்கமான 'ஈக்விட்டி'யின் தலைவராக இருந்தார். மனைவி ஜோன் கிரீன்வுட், புகழ்பெற்ற நடிகை. 1960-ல் ஜமைக்காவில் திருமணம். மகன் ஜேசனும் நடிகர். 1978 நவம்பர் 28 அன்று நுரையீரல் புற்றுநோயால் மொரெல் இறந்தார். அந்த ஆண்டு வெளிவந்த 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' அனிமேஷன் படத்தில் எல்ராண்டுக்குக் குரல் கொடுத்திருந்தார்.

மாணவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். 'பென்-ஹர்' வேண்டாம், அதில் தேருக்கும் குதிரைக்கும் நடுவே அவரைத் தேடிக் களைத்துவிடுவீர்கள். 'கேஷ் ஆன் டிமாண்ட்' முதலில். ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, ஏறக்குறைய முழுக்க ஒரே கட்டடத்துக்குள். அதை முடித்த மறுநாள் '1984'. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். திருடனை முதலில் ரசித்துவிட்டு, அதற்குப் பிறகு ஓ'பிரையனிடம் போங்கள். ஹெப்பர்னின் குரலை ரசித்துச் சிரித்த அதே காதோடு ஓ'பிரையனைக் கேட்டால், வின்ஸ்டன் ஏன் அவரை அத்தனை நாள் நம்பினான் என்பதை நாவலை வைத்து யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிராது.